சக் பெர்ரியின் கடைசி ஆல்பம் 'ஏஐ குரல்' அல்ல

“அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரி இறந்த பிறகு, ஏஐ மூலம் அவர் குரலை உருவாக்கி ஆல்பம் வெளியிட்டு ஏமாற்றிவிட்டார்கள்” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு.

‘சக்’ என்ற அந்த ஆல்பம் 2017 ஜூன் 9-இல் வெளியானது. அவர் அதே ஆண்டு மார்ச் 18-இல், 90 வயதில் காலமானார். இந்த இரண்டு தேதிகளை மட்டும் பார்ப்பதால்தான் குழப்பம். ஆனால் ஆல்பம் வரப்போகிறது என்ற அறிவிப்பு 2016 அக்டோபர் 18-இலேயே, அவரது 90-வது பிறந்தநாளன்று வந்துவிட்டது. பாட்டு கேட்கும் செயலிகளில் தெரிவது வெளியீட்டு ஆண்டு; பாடிய ஆண்டு அல்ல.

1979-க்குப் பிறகு அவர் தந்த முதல் புதிய ஸ்டுடியோ ஆல்பம் இது. பத்துப் பாடல்களில் எட்டு அவரே எழுதியவை. மகன் சார்ல்ஸ் கிட்டாரும் மகள் இங்ரிட் ஹார்மோனிகாவும் வாசித்தார்கள். ‘டார்லின்’ பாட்டில் தந்தையோடு மகளும் பாடுகிறார். வயதேறிய, கொஞ்சம் கரகரத்த அந்தக் குரலைக் கேட்டால் 1958-இல் வந்த அவரது புகழ்பெற்ற ‘ஜானி பி. குட்’ பாட்டின் ஒலியை ஒட்டவைத்தது என்று யாருக்கும் தோன்றாது.

சரிபார்க்க, 2016 அக்டோபர் என்று தேதியைக் குறுக்கிச் செய்திகளைத் தேடுங்கள். ஆல்பம் உறையில் வாசித்தவர்கள் பெயரும் இருக்கிறது. அந்த ஃபார்வர்டு வந்தால் மேலே அனுப்ப வேண்டாம்; அனுப்பியவரிடம் அறிவிப்புத் தேதியைச் சொல்லுங்கள்.