தூக்கில் போடச் சொன்ன ஆள்தான் நானும்

குழந்தையைக் கொன்றவன் பிடிபட்டான் என்று செய்தி வந்தால் "இவனுக்கெல்லாம் எதுக்கு விசாரணை, தூக்குல போடுங்க" என்று முதல் ஆளாக எழுதியவன் நான். அந்தப் பதிவுகளை இன்னும் அழிக்கவில்லை, தேடினால் கிடைக்கும். இன்று மரண தண்டனையே வேண்டாம் என்கிறேன். மனசு இளகிவிட்டதா என்றால் இல்லை, கோபம் அப்படியேதான் இருக்கிறது. என் மேல்தான் நம்பிக்கை போய்விட்டது.

பல வருடம் முன்பு, வேலை பார்த்த இடத்தில் என் பணம் காணாமல் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்தான் எடுத்தான் என்றேன். அவன் என் பையைத் திறந்ததைப் பார்த்தேன் என்றுகூடச் சொன்னேன், சொல்லும்போது எனக்கே அது பொய்யாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பணம் என் இன்னொரு சட்டைப்பையில் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

அப்புறம்தான் ஜப்பானின் இவாவோ ஹகமடா பற்றிப் படித்தேன். முன்னாள் குத்துச்சண்டை வீரர். ஒரே குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றதாக 1966ல் கைது, 1968ல் மரண தண்டனை. முக்கிய ஆதாரம், கொலை நடந்து ஓராண்டுக்கும் மேல் கழித்து ஒரு தொட்டியில் "கிடைத்த" ரத்தக்கறைத் துணிகள். மேல்முறையீட்டில் அந்தக் கால்சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்தால் இடுப்பில் ஏறவில்லை. அப்படியும் 1980ல் தண்டனை உறுதியானது. இதில் கொடுமை, முதல் தீர்ப்பை எழுதிய நீதிபதியே அவர் நிரபராதி என்றுதான் நம்பினாராம், மற்ற இரண்டு நீதிபதிகள் ஒத்துக்கொள்ளாததால் எழுதினாராம், 2007ல் அவரே சொன்னார். தீர விசாரித்த லட்சணம் இது! அங்கே தூக்கிலிடும் நாளை அன்று காலைதான் கைதிக்குச் சொல்வார்கள், அதனால் தினமும் காலையில் காலடிச் சத்தம் யார் கதவு முன் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2014ல் வெளியே விட்டபோது மனநிலை சிதைந்திருந்தது. 2024ல், 88 வயதில், நிரபராதி என்று தீர்ப்பு.

அவராவது உயிரோடு இருந்தார். இங்கிலாந்தில் திமோத்தி எவன்ஸ் என்பவரைக் கொலைக் குற்றத்துக்காக 1950ல் தூக்கிலிட்டார்கள். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன, அதே கட்டிடத்தில் குடியிருந்த ஆள்தான் தொடர்கொலைகாரன் என்று 1953ல் தெரிந்தது. எவன்ஸுக்கு 1966ல் மன்னிப்பு வழங்கினார்கள். யார் கையில் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

பயம் இருந்தால் குற்றம் குறையும் என்பவர்களிடம் ஒன்றுதான், மாட்டிக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டு யாரும் கொலை செய்வதில்லை.

சரி, "உன் வீட்டில் நடந்திருந்தால்?" என்று கேட்கத்தான் போகிறீர்கள். கொல்லத்தான் தோன்றும், சத்தியமாக. அன்றைக்கும் நான் ஒருத்தனைக் கைகாட்டுவேன், என் கண்ணால் பார்த்தேன் என்பேன், அந்தப் பையன் விஷயத்தில் சொன்ன மாதிரியே.