முதலில் டியூட்டி ரோஸ்டரைக் காட்டுங்கள்

மருத்துவமனை ஊழியர்களிடையே சமத்துவம் வளர விழிப்புணர்வு வகுப்பு நடத்தலாம், குழு அமைக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தாராளமாக நடத்தட்டும். நான் முதலில் கேட்பது டியூட்டி ரோஸ்டரை, அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலை. தொடர்ந்து நைட் ஷிப்ட் யார் தலையில் விழுகிறது, கேட்ட நாளில் லீவு யாருக்குக் கிடைக்கிறது என்று ஆறு மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

உலக அளவில் சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளில் 25 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சம்பள இடைவெளி தனிக்கதை.

கட்டுரை தொடாமலே விட்டது ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களை. யாரோ அவசரத்தில் குப்பைப் பையில் போட்ட ஊசி குத்துவது இவர்கள் கையில்தான். நிரந்தர ஊழியர் என்றால் உடனே ரத்தப் பரிசோதனை, படிவம், மருந்து. இவர்களுக்கு, "உங்க கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க" என்ற பதில். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அலையவிட்டால் அந்த நேரம் போயே போய்விடும். (ஊசிக்கு யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம் என்று தெரியுமா என்ன!) ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, ஊசிக்காயச் சிகிச்சை இரண்டும் மருத்துவமனை பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து சேர்க்கலாம். அதற்குக் குழுவெல்லாம் வேண்டாம், நிர்வாகியின் ஒரு கையெழுத்து போதும்.