டாப்பர் நோட்ஸ், 500 ரூபாய்

அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், அதில் 100 தமிழ். தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்தப் பயத்தில்தான் 'டாப்பர் கையெழுத்து நோட்ஸ்' என்று வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃபை 500 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

கையெழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருந்தது, நாலு கலரில். உள்ளே பார்த்தால் பள்ளிப் பாடப்புத்தகம், வரிக்கு வரி. அதைப் பாடநூல் கழகத்தின் தளத்தில் காசில்லாமலே இறக்கிக்கொள்ளலாம்! போதாக்குறைக்கு, சிலப்பதிகாரத்துக்கு நேரே சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையைப் பார்த்து எழுதும்போது தம்பிக்கு வரி தாண்டிவிட்டது போல.

சரி, அச்சிட்ட கைடு தேவலையா என்றால், அது செங்கல் கனம். அட்டையில் மட்டும் 'புதிய பாடத்திட்டம்', உள்ளே பழைய சரக்கு. ஆனாலும் படித்து முடித்ததும் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்காவது போகும். இந்த பிடிஎஃபை நான் யார் தலையில் கட்டுவது?

விற்ற தம்பியிடமே கேட்டேன். "அக்கா, அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிட்டேன், உங்களுக்கு 200 ரூபாய்தான்" என்கிறான்.