முதுகே தெரியாத கேமில் முதுகில் ஹெல்த் பார்

கேம் ஆடும்போது ஸ்க்ரீனில் தெரியும் பார், எழுத்து, பட்டன் எல்லாம் வடிவமைப்பது என் வேலை. அதற்கு முடிவு சொல்கிறவர்களிடமிருந்து நேற்றும் அதே பேச்சுதான். "டெட் ஸ்பேஸ்ல முதுகுலயே ஹெல்த் காட்டுவாங்களே, நமக்கும் அப்படி வேணும். ஸ்க்ரீன்ல பார், நம்பர் எதுவும் இருக்கக் கூடாது." ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நாங்கள் செய்துகொண்டிருப்பது மொபைலுக்கான ஃபர்ஸ்ட் பெர்சன் கேம். ஆடுபவர் கண்ணுக்குத் தெரிவது இரண்டு கையும் ஒரு துப்பாக்கியும். முதுகுக்கு நான் எங்கே போவேன்?

டெட் ஸ்பேஸ் 2008-இல் வந்த திகில் கேம். அதில் கேமரா நாயகன் ஐசக்கின் பின்னாலேயே நிற்கும். எப்படியும் கண் அவன் முதுகில்தான் இருக்கும். அதனால்தான் உயிர் எவ்வளவு மிச்சம் என்பதை முதுகெலும்பை ஒட்டி எரியவிட்டார்கள். குண்டுக் கணக்கைத் துப்பாக்கி மேலேயே காட்டினார்கள். பையைத் திறந்தால்கூட கேம் நிற்காது, பின்னால் எது வருகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயமுறுத்த வேண்டும் என்ற ஒரே நோக்கத்திலிருந்து வந்த ஸ்டைல் அது. நோக்கத்தை விட்டுவிட்டுத் தோலை மட்டும் உரித்துக்கொண்டு வந்தால் எப்படி ஒட்டும்?

போன ப்ராஜெக்டில் பெர்சோனா 5 கேமின் மெனு மாதிரி கேட்டார்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, கோணல்மாணலாக வெட்டி ஒட்டிய எழுத்து. எனக்கும் உயிர்தான் அந்த மெனு. ஆனால் அது முறை வைத்துச் சண்டை போடும் கேம். நாம் யோசித்து முடிக்கும் வரை எதிரி காத்திருப்பான், மெனு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். அவர்கள் கேட்டதோ பைக் ரேஸ் கேமுக்கு! வளைவில் திரும்புகிறவனுக்கு வேகத்தைப் பார்க்க அரை நொடி கிடைக்குமா? சொன்னேன். "பார்க்க நல்லா இருக்கே" என்றார்கள்.

அந்த வார்த்தைதான் என்னைக் கொல்கிறது. பெரிய மானிட்டரில், ஏசி அறையில், டிசைன் வரையும் ஃபிக்மா மென்பொருளில் அசையாத ஒரு படத்தைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். இப்போது செய்யும் துப்பாக்கி கேமின் ஸ்டைலில் எழுத்து மெல்லிய இளஞ்சாம்பல், பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு பேனல். இரவு மேப்பில், அதாவது இரவில் நடக்கும் ஆட்டக்களத்தில், எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டில் அழகாகத்தான் இருந்தது. பழைய போன் ஒன்றில் கேமின் இப்போதைய பில்டைப் போட்டு, மதியம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆடினேன். பாலைவன மேப் வந்ததும் குண்டுக் கணக்கு மணலோடு மணலாகப் போய்விட்டது. மிச்சம் தெரிந்த மூலையை என் கட்டைவிரல் மறைத்தது. இணையதளங்களுக்கான விதியே சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு கேட்கிறது. அங்கேயாவது பின்னணி ஓரிடத்தில் நிற்கும். கேமில் அது நொடிக்கு நொடி மாறும். எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு போட்டால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். "லுக் கெட்டுப்போகும்" என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் தமிழ். எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வாரத்தில்தான் அந்த நினைப்பே வரும். 'ப்ளே' என்ற நாலு ஆங்கில எழுத்துக்கு அளந்த பட்டனில் 'தொடங்கு' என்று போட்டேன். எங்கள் டெக்ஸ்ட் கருவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. 'த' எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. இதை எழுத்து என்று யார் படிப்பார்கள்? கோடாட் 4, அன்ரியல் போன்ற கேம் செய்யும் மென்பொருள்களில் இதற்கு வழி உள்ளேயே இருக்கிறது. எங்கள் கருவியிலும் முதல் மாதமே பார்த்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். இப்போது ஒவ்வொரு சொல்லையும் படமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு.

திங்கள்கிழமை மீட்டிங்குக்கு ப்ரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பழைய போனைத்தான் எடுத்துப் போகிறேன். மொட்டை மாடி வெயிலில் நின்று, பாலைவன மேப்பில் குண்டு எத்தனை மிச்சம் என்று அவர்களே படித்துச் சொல்லட்டும்.