சூடு, பெரியப்பா

பெரியப்பா: குரல் ஏனம்மா இப்படிச் சோர்ந்திருக்கிறது?

மலர்: சூடு, பெரியப்பா. நேற்றிலிருந்து கையெல்லாம் எரிகிறது.

பெரியப்பா: எரியத்தானே செய்யும்! இரவு முழுவதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தால் உடம்பில் சூடு ஏறாமல் என்ன செய்யும்? உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஊறவைத்த வெந்தயத்தை வெறும் வயிற்றில் விழுங்கு. மூன்றே நாளில் இறங்கிவிடும்.

மலர்: இது உடம்புச் சூடு இல்லை, பெரியப்பா. வெந்நீர்க் குண்டான் சாய்ந்து கையில் கொட்டிவிட்டது.

பெரியப்பா: உடம்பில் சூடு இல்லாவிட்டால் குண்டான் எதற்குச் சாய்கிறது? சூடு தலைக்கேறினால் கை தடுமாறும்.

மலர்: அப்படியானால் எண்ணெய்க் குளியல் எனக்கா, குண்டானுக்கா?

பெரியப்பா: கேலி போதும். பட்ட இடத்தில் பற்பசை தடவினாயா?

மலர்: இல்லை.

பெரியப்பா: பேனா மை? மாவு?

மலர்: குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். தோலில் இறங்கிய வெப்பத்தைத் தண்ணீர்தான் இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் சொல்வதையெல்லாம் பூசியிருந்தால், மருத்துவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவற்றைச் சுரண்டியெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

பெரியப்பா: வெறும் தண்ணீரெல்லாம் ஒரு வைத்தியமா?

(தேடி அலையாமல் குழாயிலேயே வந்துவிடுவதால் தண்ணீருக்கு மருந்து என்ற மரியாதை கிடைப்பதில்லை.)

மலர்: பாட்டி வைத்தியம் முழுவதையும் நான் தள்ளவில்லை. பல்வலிக்குக் கிராம்பு வைத்தால், அதிலுள்ள ‘யூஜினால்’ என்ற வேதிப்பொருள் சிறிது நேரம் வலியை மரத்துப்போகச் செய்யும். பெரியவர்களின் இருமலைத் தேனும் தணிக்கும். ஆனால் 5 மாதக் குழந்தையின் நாக்கில் தேன் தடவச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்கி, மூச்சுவிடும் தசைகளைக்கூடத் தளர்த்திவிடக்கூடும் என்று மருத்துவர் சொன்னதை நான் உங்களிடம் சொன்னேன்.

பெரியப்பா: நாங்களெல்லாம் தேன் நக்கி வளர்ந்தவர்கள்தானே?

மலர்: வளராமல் போனவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது, பெரியப்பா.

பெரியப்பா: ...

மலர்: இணைப்பில் இருக்கிறீர்களா?

பெரியப்பா: இருக்கிறேன். உனக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சூடுதான். எதற்கும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிடு.