கிரேக்கம் தெரியாம கிரேக்க வரலாறா?

2021ல அமெரிக்காவோட பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டியில கிளாசிக்ஸ் (பழைய கிரேக்க, ரோம உலகத்தைப் படிக்கிற துறை) மேஜர் எடுக்கிற இளங்கலைப் பசங்களுக்கு கிரேக்கம், லத்தீன் கட்டாயம் இல்லன்னு மாத்துனாங்கல்ல, அதுக்கு ஒரு கூட்டம் "தரம் போச்சு"ன்னு அழுதுச்சு, இன்னொரு கூட்டம் "கதவு தொறந்துச்சு"ன்னு கை தட்டுச்சு. எனக்கு ரெண்டு பேர் மேலயும் கடுப்புதான். கீழ் வாசலைத் தொறந்துட்டாங்க சரி, மாடிக் கதவு இன்னும் பூட்டித்தானே கெடக்கு? பிஎச்டிக்கு அப்ளை பண்ணப் போனா ரெண்டு மொழியிலயும் பல வருஷப் படிப்பு இருக்கான்னு கேப்பாங்க, உள்ள போனாலும் ரெண்டுலயும் மொழிபெயர்ப்பு எக்ஸாம், அது போதாதுன்னு ஜெர்மன், கூடவே பிரெஞ்சோ இத்தாலியனோ வாசிக்கத் தெரியணும்.

நான் ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி எம்.ஏ. சேர்ந்தப்ப 26 வயசு. மெக்கானிக்கல் படிச்சு வேலை பாத்துட்டுப் போனவன். பக்கத்து சீட்டுப் பையன் காசு கட்டிப் படிக்கிற ஸ்கூல்ல 11 வயசுலயே லத்தீன் ஆரம்பிச்சவன், அவன் டாசிட்டஸ்ங்கிற ரோம வரலாற்றாசிரியரை லத்தீன்லயே வாசிக்கிறான், நான் அமோ அமாஸ் அமாட்னு லத்தீன் முதல் பாடத்தை ஒப்பிச்சுட்டு இருக்கேன். அவன் என்னை விட புத்திசாலின்னு எல்லாம் இல்ல, 15 வருஷம் முன்னாடியே ஓட ஆரம்பிச்சவன், அவ்ளோதான்.

(ஒண்ணு சொல்லணும், லத்தீன்ல ஆறு வேற்றுமைன்னு வெள்ளக்காரப் பசங்க அலறுனப்ப, எட்டு வேற்றுமை ஒப்பிச்சு தமிழ் வாத்தியார்கிட்ட கொட்டு வாங்குன எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, வினைச்சொல் வாக்கியக் கடைசியில வந்து நின்னா நமக்கு என்ன கஷ்டம்? ஆனா கிரேக்க வினைச்சொல் என்னை வச்சு செஞ்சுது. அயோரிஸ்ட்னு ஒண்ணு, ஆப்டேட்டிவ்னு ஒண்ணு, சாமி!)

அப்ப மொழியே வேணாம்னு சொல்ல வேண்டியவன் நான்தானே? ஆனா சொல்ல மாட்டேன், காரணம் முசிறி பாப்பிரஸ்ங்கிற பழைய நாணல்-தாள் ஆவணம். "யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்"னு அகநானூறை நாம ஷேர் பண்றோம்ல, அதே முசிறி, கேரளக் கரையில இருந்த பழைய துறைமுகம். கி.பி. 2ஆம் நூற்றாண்டு கிரேக்க ஆவணம், வியன்னாவுல இருக்கு, 1985ல பதிப்பிச்சாங்க. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன்ங்கிற கப்பல்ல வந்த சரக்கோட கணக்கு, யானைத் தந்தம், கங்கைப் பக்கத்து நறுமணப் பொருள்னு. அதுல முசிறிக்கு முன்னாடி "கத்தா"ன்னு ஒரு சின்ன இடைச்சொல் வருது. அதை முசிறியில எழுதுன கடன் பத்திரம்னு எடுக்கலாம், முசிறிப் பயணத்துக்காக எழுதுன பத்திரம்னும் எடுக்கலாம். முதல்ல சொன்னது சரின்னா கேரளக் கரையில உக்காந்து கிரேக்கத்துல பத்திரம் எழுதுற அளவுக்கு ஒரு வியாபாரக் கூட்டம் இருந்திருக்கணும், ரெண்டாவது சரின்னா பத்திரம் எகிப்துலயே எழுதி முடிஞ்சிருக்கலாம். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை மட்டும் வாசிக்கிறவனுக்கு அங்க ஒரு சண்டை நடக்குதுன்னே தெரியாது, மொழிபெயர்த்தவர் தேர்ந்தெடுத்த அர்த்தத்தை அப்படியே முழுங்கிட்டுப் போயிடுவான்.

அதனால மொழியைக் குறைக்காதீங்க, அதைக் கத்துக்கிற வருஷத்துக்குக் காசு குடுங்க. போஸ்ட்-பாக்னு டிகிரி முடிச்சவங்களுக்கு ஒரு வருஷ கோர்ஸ் இருக்கு, மொழியில இருக்கிற இடைவெளியை நிரப்புறதுக்குன்னே, ஆனா பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் படிக்கணும், அப்ப யாருக்காக அது? மிச்சிகன் யுனிவர்சிட்டியில ஸ்டைபண்டோட, பிஎச்டிக்குப் போறதுக்குப் பாலமா பிரிட்ஜ் எம்.ஏ. வச்சிருக்காங்க, அது மாதிரி இன்னும் நிறைய வரணும். நெலமை என்னன்னா அதே 2021ல ஹோவார்டு யுனிவர்சிட்டி, கறுப்பின மாணவர்களுக்காக உருவான கல்லூரிகள்லயே தனி கிளாசிக்ஸ் டிபார்ட்மென்ட் வச்சிருந்த ஒரே இடம், அந்த டிபார்ட்மென்டையே கலைச்சிடுச்சு.

படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமான்னு இன்பாக்ஸ்ல கேக்குறவங்களுக்கு: ரொம்பக் கம்மி, வீட்ல சொல்லிட்டுப் போங்க. வயசு போச்சான்னு கேக்குறவங்களுக்கு: மியூனிக்ல ஒரு லத்தீன் அகராதி வேலையை 1894ல ஆரம்பிச்சாங்க, இன்னும் முடியல. நீங்க தாராளமா 30ல ஆரம்பிங்க.