சுவரில்லாத வீட்டில் சுவர் எங்கே?

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தை மேடையேற்றும்போது, நாயகனான வயதான விற்பனையாளர் வில்லி லோமனாக யார் நடிப்பது என்பதில்தான் பெரும்பாலும் பேச்சு தொடங்குகிறது. என்னைக் கேட்டால், அதற்கு முன் சுவர்க்கோட்டை, அதாவது மேடை வீட்டின் சுவர் எங்கே ஓடுகிறது என்பதை, முடிவு செய்யுங்கள்.

வில்லி குடும்பத்தின் நியூயார்க் புரூக்ளின் வீட்டுக்கு மேடையில் பெரும்பாலும் சுவரே கிடையாது. கூரைகூட வெறும் கோட்டுருவம்தான். ஆனால் மில்லர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். கதை நிகழ்காலத்தில் நடக்கும்போது எல்லோரும் அந்த இல்லாத சுவரை மதித்து, இடப்பக்கக் கதவு வழியாகவே உள்ளே வர வேண்டும். வில்லியின் மனம் பழைய நாட்களுக்குத் தாவியதும் சுவரை ஊடுருவி முன்மேடைக்கு வந்துவிடலாம். எது இன்று, எது அன்று என்பதைப் பார்வையாளர் நடிகரின் காலைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். சீட்டாட்டக் காட்சியில் எதிரே பக்கத்து வீட்டுக்காரர் சார்லி, பக்கத்தில் செத்துப்போன அண்ணன் பென். வில்லி இருவருக்கும் மாறி மாறிப் பதில் சொல்லிக் குழம்புவது நமக்கு வலிப்பது, அந்தச் சட்டம் அதற்குள் நமக்குப் பழகியிருப்பதால்தான்.

ஆகவே ஒத்திகையின் முதல் நாளே சுவர்க்கோடு தெரியத் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். நிகழ்காலக் காட்சியில் ஒரு நடிகர் அவசரத்தில் மூலையைக் குறுக்கே கடந்தால் அப்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நஷ்டம் தெரிவது கடைசியில். வில்லி இறந்த பிறகு, துக்க உடையில் மனைவி லிண்டாவும் மகன்களும் சமையலறைச் சுவர்க்கோட்டைத் தாண்டி நம்மை நோக்கி வருகிறார்கள். அவன் மனம் ஓய்ந்த பிறகும் சுவர் உடைகிறது. முன்பே நாலு தடவை அஜாக்கிரதையாக மிதிபட்ட கோடு என்றால் அது வெறும் நடைதான்.

பொருட்களைக் கூட்டாதீர்கள். சமையலறையில் மேசை, மூன்று நாற்காலி, ஒரு குளிர்பதனப் பெட்டி, அவ்வளவே. குடும்பத்தில் நான்கு பேர் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியும் தவணை முடியாதது. பெற்றோர் அறை இரண்டடி உயரத்தில், மகன்கள் அறை ஆறரை அடியில். மூத்த மகன் பிஃப் வாங்கிய விளையாட்டுக் கோப்பை அவன் அறையில் இல்லை. அப்பாவின் கட்டிலுக்கு மேலே இருக்கிறது!

1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க் மொராஸ்கோ அரங்கில் எலியா கசான் இயக்கிய முதல் தயாரிப்புக்கு அரங்கமைத்தவர் ஜோ மீல்சீனர். மாடியில் படுத்திருக்கும் மகன்கள் சில நிமிடங்களில் கீழே பள்ளிப் பையன்களாக வர வேண்டும். கட்டிலுக்குள்ளேயே லிஃப்ட் வைத்தார். விறைப்பாக்கிய போர்வை அப்படியே நிற்க, நடிகர்கள் மட்டும் பார்வையாளருக்குத் தெரியாமல் கீழே இறங்கினார்கள்.

ஒளியில் நடக்கும் தவறு வேறு. கடந்தகாலத்தில் வீட்டின்மேல் இலை நிழல் படரும். அப்போது சூழ்ந்திருக்கும் அடுக்குமாடிகள் மறைய வேண்டும். கட்டடங்களுக்கு முன்னால் தொங்கும் மெல்லிய துணித்திரையில் முன்னொளி கூடினால் திரை மூடிக்கொள்ளும், பின்னொளி கூடினால் பின்னால் இருப்பது தெரியும். இரண்டையும் ஒரே அளவில் எரியவிட்டால் இலையும் கட்டடமும் சேர்ந்து மங்கலாகி, எந்தக் காலமும் இல்லாமல் போகும்.

கட்டட விளக்குகளுக்குத் தனிக் கட்டுப்பாடு வையுங்கள். முடிவில் மேடை முழுவதையும் ஒன்றாக அணைத்துவிடுவது எளிது, பலர் அதைத்தான் செய்கிறார்கள். மில்லர் எழுதியிருப்பது வேறு: புல்லாங்குழல் மட்டும் ஒலிக்க மேடை இருளும்போது, வீட்டுக்கு மேலே அந்தக் கட்டடங்கள் கூர்மையாக எழும்பி நிற்கின்றன. அதன் பிறகுதான் திரை.